கடல் கடந்த சுண்டைக்காய்

"சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம்" என்பது நம் கிராமங்களில் வழங்கி வரும் பழமொழி. அற்பப் பொருளைப் பெருஞ்செலவு செய்து சுமந்து போகிறவரைப் பார்த்துச் சொல்வது இது. அந்தச் சுண்டைக்காய் இன்று லண்டன், பாரிஸ் போன்ற நகரங்களில் தாய்லாந்து மக்கள் வாங்கும் மளிகைக் கடைகளில் காம்போடு, கொத்துக் கொத்தாக, பாலிதீன் பையில் கட்டி விலைச் சீட்டு ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது. வரப்போரத்தில் தானாக முளைத்து, வெட்ட வெட்டத் தழைத்து, யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத செடியின் காய் அங்கே பணம் கொடுத்து வாங்கும் பண்டம்.

இந்த மரியாதை சுண்டைக்காய்க்கு மட்டும் கிடைத்ததல்ல. முருங்கைக் கீரை, சர்க்கரைவள்ளிக் கொடியின் நுனி, புளிச்சையின் சிவந்த பூவிதழ், பலாப் பிஞ்சு, வாழைப்பூ என்று நம் தோட்டத்தில் மாட்டுக்கும் குப்பைக்கும் போகிற பல பொருள்கள் அக்கடைகளில் உள்ளன. அவற்றை யார் வாங்குகிறார்கள், எப்படிச் சமைக்கிறார்கள், அதனால் நம் சிறு விவசாயிக்கு என்ன பயன் என்று தெரிந்துகொள்வது நல்லது. 'ஏற்றுமதி' என்ற சொல்லைக் கேட்டு ஏமாறாமல் இருக்கவும் அது உதவும்.

பல நாட்டு மளிகைக் கடை

பிழைப்புக்காகவோ, போருக்கு அஞ்சியோ ஊர் விட்டுப் போன மக்களின் பின்னால் ஏற்பட்டவை இக்கடைகள். 1948-க்குப் பிறகு ஜமைக்கா முதலிய மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் குடியேறினர். 1975-ல் வியட்நாம் போர் முடிந்தபின் அந்நாட்டிலிருந்தும் கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்தும் பலர் பாரிசின் 13-ஆம் வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தனர். 1983-க்குப் பின் இலங்கைத் தமிழர் பாரிசின் லா ஷப்பேல் பகுதியிலும், கனடாவில் டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியிலும் கடைகள் வைத்தனர்.

போன இடத்தில் இவர்களுக்கு உடை மாறியது, தொழில் மாறியது, நாக்கு மாறவில்லை. தாய் வீட்டில் சாப்பிட்ட கீரையும் கிழங்கும் தேடினார்கள். தேடியதைக் கொண்டுவந்து விற்றவர் கடைக்காரர் ஆனார். நாளடைவில் ஒரே கடையில் பல நாட்டுச் சரக்கும் சேர்ந்தது. அங்கே பார்த்தால்தான் தெரிகிறது, நாம் நம்முடையது என்று நினைக்கும் பல செடிகள் உலகில் பாதி நாடுகளுக்குச் சொந்தம் என்று.

சுண்டைக்கு எத்தனை சமையல்!

நாம் சுண்டைக்காயை மோரில் ஊறவைத்து வற்றல் போடுகிறோம். அல்லது பச்சையாக நசுக்கிக் குழம்பு வைக்கிறோம். தாய்லாந்தில் பச்சை மிளகாய் அரைத்துச் சேர்த்த தேங்காய்ப்பால் குழம்பில் இதை முழுசாகப் போடுகிறார்கள். ஜமைக்காவில் இதற்குச் 'சுசும்பர்' என்று பெயர். உப்பிட்டு உலர்த்திய மீனோடு சமைப்பது அங்கு வழக்கம். கருவாடு வாங்கும் வீடுகளில் இதைச் செய்து பார்க்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் வேகவைத்து மசித்துக் குழம்பில் சேர்க்கிறார்கள்.

சுண்டைச் செடிக்கு இன்னொரு பயனும் உண்டு. அதன் வேர், வாடல் நோயையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் தாங்கக் கூடியது. அதனால் சுண்டை நாற்றின் மேல் கத்தரியை ஒட்டுக்கட்டி நடும் முறை பல நாடுகளில் பரவியுள்ளது. தமிழ்நாட்டிலும் இந்த ஒட்டு நாற்றுகள் கிடைக்கின்றன. கத்தரியில் செடி செடியாக வாடிச் சாகும் நிலம் உள்ளவர்கள் தோட்டக்கலை அலுவலரிடம் இதுபற்றிக் கேட்கலாம்.

இதே செடி அமெரிக்காவில் சட்டப்படி தீங்கு செய்யும் களைகளின் பட்டியலில் இருக்கிறது. ஆகவே வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆசையாக விதை கொடுத்தனுப்புவது கூடாது. விமான நிலையத்தில் பிடித்தால் தொல்லை அவர்களுக்குத்தான்.

கொடி நுனியும் கீரைதான்

சர்க்கரைவள்ளி போடுகிற விவசாயி கிழங்கை வெட்டி எடுத்துக் கொடியை மாட்டுக்குப் போடுகிறார். பிலிப்பைன்ஸ், தைவான் நாடுகளில் அந்தக் கொடியின் இளம் நுனி நல்ல கீரை. மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியா, சியாரா லியோன் நாட்டவர் அதைப் பொடியாக நறுக்கிச் செம்பனை எண்ணெயில் வதக்கிச் சோற்றோடு உண்கிறார்கள். நம் வீட்டில் மற்றக் கீரையைப் போலவே பொரியலோ கூட்டோ செய்யலாம். ஒரு சாண் நீளத்துக்கு மேல் போகாமல் இளசாகக் கிள்ள வேண்டும். ஆனால் கிழங்குக்காகப் போட்ட வயலில் ஓயாமல் கிள்ளினால் கிழங்கு சிறுத்துவிடும். கீரைக்கென்று வீட்டுப் பின்புறம் நாலைந்து கொடித் துண்டுகளை நட்டுவைப்பதே முறை.

முருங்கைக் கீரை பிலிப்பைன்ஸ் நாட்டவருக்கு 'மலுங்காய்'. கோழிக்கறியும் இஞ்சியும் பச்சைப் பப்பாளியும் போட்டுக் கொதிக்கும் சாறில் கடைசியாக இந்த இலையை உருவிப் போட்டு இறக்குகிறார்கள். அவர்கள் வாங்கும் கடைகளில் குளிர்பெட்டியில் உறையவைத்த முருங்கை இலைப் பொட்டலம் கிடைக்கும். சகாராப் பாலைவனத்தை ஒட்டிய நைஜர் நாட்டில் இலையை வேகவைத்துப் பிழிந்து, எண்ணெய் எடுத்த நிலக்கடலையைத் தூளாக்கி, வெங்காயம் சேர்த்துப் பிசைந்து தின்கிறார்கள். முருங்கையும் கடலையும் இரண்டும் விளைகிற நம் மானாவாரிப் பகுதிக்கு இது பொருத்தமான உணவு. வறுத்த கடலையைப் பொடித்துப் போட்டாலும் ருசி கூடும். குழந்தைகள் கசக்கிறது என்று ஒதுக்கமாட்டார்கள்.

களை எடுக்கும்போது பிடுங்கி எறியும் பருப்புக்கீரையை மெக்சிகோ நாட்டவர் இறைச்சியோடு சமைக்கிறார்கள். துருக்கியர் பச்சையாகவே நறுக்கித் தயிரும் பூண்டும் சேர்க்கிறார்கள். நம் தயிர்ப் பச்சடிபோல இதைச் செய்துகொள்ளலாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் இந்தக் கீரையைத் தவிர்ப்பது நல்லது.

புளிச்சையில் இன்னொரு வரவு

புளிச்சக்கீரை என்று நாம் வழங்குவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று நாருக்காகப் பயிரிடப்படும் வகை. மற்றதில் பூ உதிர்ந்தபின் அடியிலுள்ள புல்லி இதழ்கள் சிவந்து, சதைப்பற்றோடு பருத்துக் காயை மூடிக்கொள்ளும். நாம் இரண்டிலும் இலையை மட்டும் பறித்துவிட்டுச் செடியை விட்டுவிடுகிறோம். எகிப்து, சூடான் நாடுகளில் இரண்டாம் வகையின் சிவந்த இதழை உலர்த்திக் கொதிக்கவைத்துச் சர்க்கரை சேர்த்துக் குடிக்கிறார்கள். மெக்சிகோவிலும் செனகலிலும் நைஜீரியாவிலும் இதே பானம் வேறு வேறு பெயரில் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இந்தப் பானம் இல்லாமல் முடியாது. ஆகவே லண்டன் கடைகளில் டிசம்பர் மாதத்தில் இதற்குக் கிராக்கி.

இச்செடி பகல் பொழுது குறையும்போதுதான் நன்றாகப் பூக்கும். மழைக்காலத் தொடக்கத்தில் விதைத்தால் குளிர்காலத்தில் இதழ் பறிக்கலாம். பூ உதிர்ந்து இரண்டு மூன்று வாரத்தில், உள்ளே உள்ள காய் முற்றி வெடிக்குமுன் பறிக்க வேண்டும். காயை நீக்கி, இதழை நிழலில் சருகுபோல் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் பல மாதம் கெடாது. வெல்லமும் இஞ்சித் தட்டும் போட்டுக் கொதிக்கவைத்தால் நல்ல பானம். பச்சை இதழில் துவையலும் ஜாமும் செய்யலாம்.

பலாவும் வாழையும்

தாய்லாந்திலிருந்து வரும் டப்பாக்களில் உப்பு நீரில் போட்ட பலாப் பிஞ்சுத் துண்டுகளைக் காணலாம். புலால் உண்பதை விட்ட மேல்நாட்டார் சிலர் இறைச்சிக்குப் பதிலாக இதைச் சமைக்கத் தொடங்கியபின் இந்த டப்பா பெரிய கடைகளுக்கும் போய்விட்டது. பண்ருட்டிப் பக்கத்திலும் கொல்லைப்புறப் பலாவிலும் ஒரே காம்பில் நெருங்கிப் பிடித்த பிஞ்சுகளைக் கழித்துவிட்டால்தான் மிஞ்சிய பழம் பருக்கும். கழித்த பிஞ்சு கறிக்கு உதவும் என்பதை மறக்க வேண்டாம்.

வாழைப்பூவை வியட்நாம் மக்கள் மெல்லிசாகச் சீவி எலுமிச்சம்பழச் சாறு கலந்த நீரில் போட்டுக் கறுக்காமல் எடுத்துப் பச்சடி செய்கிறார்கள். பர்மியர் தங்கள் மீன் குழம்பில் வாழைத்தண்டு போடுகிறார்கள். உறையவைத்த வாழையிலைக் கட்டும் விற்பனைக்கு உண்டு. மத்திய அமெரிக்க நாட்டவர் மக்காச்சோள மாவை அதில் பொதிந்து ஆவியில் வேகவைக்கிறார்கள். நம் இலை அடையைப் போன்றதுதான் அது.

எச்சரிக்கை

கடையில் இருப்பதெல்லாம் பார்த்தவுடன் சமைக்கத் தக்கதல்ல. காங்கோ நாட்டவருக்காக மரவள்ளித் தழையை இடித்து உறையவைத்து விற்கிறார்கள். அவர்கள் அதை நன்றாக இடித்து, நிறைய நீரில் நெடுநேரம் கொதிக்கவைத்த பிறகே உண்கிறார்கள். மரவள்ளித் தழையில் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் இருப்பதே காரணம். அத்தழையை மேய்ந்து ஆடு மாடுகள் இறப்பது மரவள்ளி விளையும் ஊர்களில் தெரிந்த செய்தி. பழக்கமில்லாத நம் வீடுகளில் இதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது. பிற நாட்டார் ஒரு செடியை உண்கிறார்கள் என்றால், அதைப் பக்குவம் செய்யும் முறையையும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றிருக்கிறார்கள் என்று பொருள்.

சுமை கூலி முக்கால் பணம்

இவ்வளவையும் படித்தபின், "நம் சுண்டைக்காயை நாமே லண்டனுக்கு அனுப்பினால் என்ன?" என்று தோன்றுவது இயல்பு. இங்கேதான் பழமொழியை நினைக்க வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் விலைச் சீட்டு விவசாயிக்குக் கிடைக்கும் விலை அல்ல. அதில் விமானக் கட்டணம், பெட்டி, குளிர் அறை, வரி, அழுகல் கழிவு, கடை வாடகை, ஆள் கூலி எல்லாம் அடக்கம். எல்லாம் போக மிஞ்சுவதே காய்க்கு உரிய விலை.

மேலும், ஒருவர் செய்யும் தவறுக்கு ஊரே தண்டம் கட்ட நேரும். 2013-ல் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன காய்கனிச் சரக்குகளில் 207 சரக்குகளில் பழ ஈ முதலிய பூச்சிகள் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அதன் விளைவாக 2014 மே 1 முதல் நம் மாம்பழம், கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகிய ஐந்தையும் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. மாம்பழத் தடை 2015 தொடக்கத்தில் நீங்கியது. மற்ற நான்கின் தடை 2016 முடியும் வரை நீடித்தது. சுத்தமாக விளைவித்தவரின் பாகற்காயும் அந்த இரண்டரை ஆண்டுக்கு மேல் அங்கே போக முடியவில்லை. கறிவேப்பிலை வேறு காரணத்தால் சிக்கிக்கொண்டது. இலையில் பூச்சிமருந்து எச்சம் மிகுந்திருந்ததால் நம் கறிவேப்பிலைக்கு ஐரோப்பாவில் கூடுதல் சோதனை விதித்தார்கள்.

ஏற்றுமதிக்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும்; அபீடா நிறுவனத்தில் பதிவு வேண்டும்; பூச்சி, நோய் இல்லை என்று தாவரப் பாதுகாப்பு அலுவலகம் தரும் சான்று வேண்டும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் தனியாக இத்தனையும் செய்வது கடினம். உழவர் உற்பத்தியாளர் குழுவாகச் சேர்ந்து, அனுபவமுள்ள ஏற்றுமதியாளரோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொண்டால் மட்டுமே இறங்கலாம். செடியும் தருகிறோம், விளைந்ததை வெளிநாட்டுக்கு நாங்களே வாங்கி அனுப்புகிறோம், இப்போது முன்பணம் கட்டுங்கள் என்று வருகிறவரிடம் பணத்தைக் கொடுக்குமுன் நூறு முறை யோசிக்க வேண்டும்.

சுமையைக் குறைத்தால் கூலியும் குறையும் என்பதையும் கவனிக்கலாம். பச்சைக் காய் நீரோடு பயணம் செய்கிறது; வற்றலுக்கு அந்தச் சுமை இல்லை. சுண்டை வற்றல், நிழலில் உலர்த்திய முருங்கை இலைப் பொடி, புளிச்சை இதழ் ஆகியவை எடை குறைந்தவை, பல நாள் தாங்குபவை. இவை விமானத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, கப்பலிலேயே போகலாம். மகளிர் குழுக்களுக்கு ஏற்ற தொழில் இது.

வாடிக்கைக்காரர் பக்கத்திலேயே இருக்கிறார்

ஆனால் சிறு விவசாயிக்கு இதைவிட அருகில் ஒரு சந்தை இருக்கிறது. லண்டனில் ஜமைக்காக்காரர் தேடியதுபோலவே, தன் ஊர்க் கீரையைத் தேடுகிறவர்கள் இன்று நம் திருப்பூரிலும் கோவையிலும், சென்னையின் அம்பத்தூர், சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளிலும் இருக்கிறார்கள். ஒடிசா, வங்காளம், பீகார், அசாம் மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். கடுகெண்ணெய் விற்கும் கடைகள் அவர்களுக்காகவே ஏற்பட்டுள்ளன. பல நாட்டு மளிகைக் கடை ஒரு வகையில் நம் ஊருக்கே வந்துவிட்டது.

இவர்கள் விரும்பி உண்பவை பெரும்பாலும் நம் தோட்டத்தில் உள்ளவையே. கொடிப்பசலையை வங்காளிகள் 'புய் சாக்' என்பார்கள், மீனோடு சமைப்பார்கள். சிவப்புத் தண்டுக்கீரை 'லால் சாக்'. பலாப் பிஞ்சு 'எச்சோர்'. வாழைப்பூ 'மோச்சா', வாழைத்தண்டு 'தோர்'. பரங்கிக் கொடியின் இளம் நுனி வங்காளத்திலும் ஒடிசாவிலும் கீரை. ஒடிசாக்காரருக்கு முருங்கைக் கீரை 'சஜனா சாக'. முருங்கைப் பூவையும் வங்காளிகள் விடுவதில்லை. அசாம்காரருக்கு நம் புளிச்சக்கீரை 'டெங்கா மோரா'. புளிக்குழம்பு வைக்க அதைத் தேடுவார்கள். பச்சைப் பப்பாளி பலருக்கும் கறிகாய். காற்றில் சாய்ந்த மரத்தின் காயை வீணாக்க வேண்டியதில்லை.

இவற்றை விற்க விமானம் வேண்டாம், சான்று வேண்டாம். சைக்கிளோ பஸ்ஸோ போதும். 1999-ல் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தில் அடையாள அட்டை பெற்றவர்கள் தங்கள் கடையிலேயே ஓரமாக வைத்துப் பார்க்கலாம்.

தொடங்குவது எப்படி?

முதலில் பயிர் செய்துவிட்டு ஆள் தேடக் கூடாது. தொழிலாளர் குடியிருப்புக்கு அருகே உள்ள கடைக்காரரிடம் என்ன கேட்கிறார்கள், எந்த நாளில் கேட்கிறார்கள், எவ்வளவு விற்கும் என்று விசாரிக்க வேண்டும். ஆலை விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையே பெரும்பாலும் இவர்கள் சமையலுக்குப் பொருள் வாங்கும் நாள்.

இருக்கிறதை வைத்தே தொடங்கலாம். வேலியில் உள்ள முருங்கை, கிணற்று மேட்டில் உள்ள பப்பாளி, பரங்கிக் கொடி இவற்றில் இரண்டு கூடை கொண்டுபோய்ப் பார்த்து, விற்றால் ஒரு சென்ட் நிலத்தில் கொடிப்பசலையோ சிவப்புத் தண்டுக்கீரையோ போடலாம்.

கீரையை விடியற்காலையில் அறுத்து, நிழலில் வைத்து, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துப் போக வேண்டும். கீரைக்குப் பூச்சிமருந்து தெளிக்காமல் சமாளிப்பதே நல்லது. கட்டாயம் தெளிக்க நேர்ந்தால் கீரைக்குப் பரிந்துரைத்த மருந்தை மட்டும் பயன்படுத்தி, டப்பாவில் குறித்துள்ள நாள் கழிந்தபிறகே அறுக்க வேண்டும். கடல் கடந்து போகிறவருக்குச் சோதனைச்சாலை இருக்கிறது. பக்கத்துத் தெருவில் வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு விவசாயியின் மனச்சாட்சிதான் சோதனைச்சாலை.

விற்கும் கீரையின் பெயரை வாங்குகிறவர் மொழியில் சொல்லக் கற்றுக்கொண்டால் பாதி வியாபாரம் முடிந்தது. 'லால் சாக்' என்று ஒரு குரல் கொடுத்தால் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். இவர்களிடம் சமையல் முறையையும் கேட்டு வந்து வீட்டில் செய்து பார்த்தால், விற்காமல் மிஞ்சியதும் வீணாகாது.

அடுத்த முறை வரப்பைச் சுத்தம் செய்யும்போது சுண்டைச் செடியில் அரிவாளை வைக்குமுன் ஒரு கணம் நிதானிக்கலாம். சுண்டைக்காய் இன்றைக்கும் கால் பணம்தான். சுமை கூலி இல்லாத தூரத்தில் விற்றால் அந்தக் கால் பணம் முழுசாக விவசாயியின் மடிக்கு வரும்.